அரை அங்குல லெப்டொப்புக்கு ஒன்றேமுக்கால் இலட்சம் கூடக் கொடுக்கலாமா?

கேள்வி இதுதான். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தங்கை பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறார். அம்மாவின் சீட்டுப் பணமும் கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் அனுப்பியதும் சேர்ந்து ஒரு லெப்டொப்புக்குத் தேறியிருக்கிறது. கடையில் இரண்டு காட்டியிருக்கிறார்கள். ஒன்று 14 அங்குலம், அலுமினிய உடல், 13 மி.மீ. தடிப்பு, 1.2 கிலோ, 16 ஜீபி ரேம் (தற்காலிக நினைவகம்), விலை 420,000 ரூபாய். மற்றது 15.6 அங்குலம், பிளாஸ்டிக் உடல், 19 மி.மீ., 1.7 கிலோ, 8 ஜீபி ரேம், விலை 245,000. "மெல்லிசானதுதான் மனசுக்குப் பிடிச்சிருக்கு. அந்த விலைக்கு அது தகுமா அண்ணா?" என்று கேட்கிறார்.

தங்கச்சி, பாரம் குறைவதற்குக் காசு கொடுங்கள், மெல்லிசாக இருப்பதற்குக் கொடுக்காதீர்கள். இவை இரண்டும் ஒன்றென்றுதான் விளம்பரம் நம்மை நம்ப வைக்கிறது. உங்களுக்கு இந்த இரண்டில் எதுவும் சரியான லெப்டொப் அல்ல. ஏன் என்பதையும் எது சரி என்பதையும் கீழே எழுதுகிறேன். 175,000 ரூபாய் வித்தியாசம் என்பது, 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில், ஏறக்குறைய 130 நாள் வேலை. அதனால் பதிலைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

2008 ஜனவரியில் அப்பிளின் ஸ்டீவ் ஜொப்ஸ் மேடையில் ஒரு கடித உறைக்குள் இருந்து முதல் மெக்புக் எயாரை உருவிக் காட்டினார். உலகமே வாயைப் பிளந்த அந்தக் கணினியின் தடிப்பான பகுதி 19.4 மி.மீ. உங்கள் கடைக்காரர் "இது கொஞ்சம் மொத்தம்தான்" என்று காட்டிய பிளாஸ்டிக் லெப்டொப் 19. மெல்லிசு என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது வருடத்துக்கு வருடம் நகர்ந்துகொண்டே போகிறது. கையில் பிடிப்பதற்கும் பையில் வைப்பதற்கும் 19 மி.மீ. போதும் என்பது அன்றே முடிந்த விஷயம். அதற்குக் கீழே ஒவ்வொரு மில்லிமீற்றரையும் குறைக்க உள்ளே இருந்து எதையோ எடுத்துத்தான் ஆக வேண்டும்.

எடையைப் பாருங்கள். இப்போதைய மெக்புக் எயார் 13 அங்குலம் 11.3 மி.மீ. மெல்லிசு, எடை 1.24 கிலோ. திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் 14 அங்குலம், 15 மி.மீ. பக்கம் தடிப்பு, எடை 1.1 கிலோ சொச்சம். எல்ஜி கிராம் என்ற வகையில் 17 அங்குலத் திரையோடு 1.35 கிலோவில் வருகிறது. அதுவும் ஒன்றும் தகடுபோல் மெல்லிசு அல்ல. அதாவது தடிப்பானது பாரம் குறைவாகவும் மெல்லிசானது பாரமாகவும் இருக்கலாம். மக்னீசியம் கலவையும் கார்பன் நாரும் பாரத்தைக் குறைக்கும், அலுமினியக் கட்டியைக் குடைந்து செய்த உடல் கூட்டும். முதுகில் தொங்குவது கிலோதான், மில்லிமீற்றர் அல்ல.

மலையகத்தில் அந்தக் கிலோவுக்கு வேறு இடத்தை விட மதிப்பு அதிகம். இறங்குப் பாதையும் படிக்கட்டுமாக ஒன்றிரண்டு கிலோமீற்றர் நடந்து பிரதான பாதைக்கு வந்து, நெரிசலான பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவருக்கு அரைக் கிலோ பெரிய விஷயம். நாளுக்கு 18 கிலோ கொழுந்து நிறுத்துக் கொடுக்கும் வீட்டில் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கணக்கைச் சரியாகப் போடுங்கள். லெப்டொப்பை மட்டும் நிறுக்காமல் பைக்குள் போகும் எல்லாவற்றையும் நிறுக்க வேண்டும். பிளாஸ்டிக் லெப்டொப்பின் பழைய மாதிரிச் சார்ஜர் வயரோடு சேர்த்து 350 கிராமுக்குக் குறையாது. 65 வாட் யூ.எஸ்.பி.-சி சார்ஜர் சின்னதாக 120 கிராம் அளவில் கிடைக்கிறது, கேபிளுடன் 170 பிடிக்கும். மெல்லிசானதுக்கு புரொஜெக்டரையோ வேறு திரையையோ இணைக்கும் எச்.டி.எம்.ஐ. ஓட்டை இல்லாததால், அதைத் தரும் ஹப் என்ற இணைப்பான் ஒன்று வாங்க வேண்டும், அது ஒரு 80 கிராம். கூட்டிப் பார்த்தால் ஒன்று 1.45, மற்றது 2.05 கிலோ. 600 கிராம் வித்தியாசம். இந்த 600 கிராமுக்கு ஒரு விலை கொடுக்கலாம், அது நியாயம். ஆனால் இதே எடையை 18 மி.மீ. தடிப்பிலும் பெறலாம் என்பதால் மெல்லிசுக்கென்று தனியாக எதுவும் கொடுக்கத் தேவையில்லை.

மெல்லிசால் முதலில் அடிபடுவது சூடு வெளியேறும் வழி. 13 மி.மீ.யில் மூடிக்கு 4 போய்விடும். மிச்சம் 9. கீபோர்டும் அடித்தகடும் ஒரு 4 எடுத்துக்கொண்டால் விசிறிக்கும் பெட்டரிக்கும் எஞ்சுவது 5 மி.மீ. அந்த உயரத்தில் சுழலும் விசிறி எவ்வளவு காற்றைத் தள்ளும்? கடையில் தொட்டுப் பார்க்கும்போது இது தெரியாது. இன்டெல் சிப் ஒன்று வேலை தொடங்கியதும் முதல் அரை நிமிடம்போல, வழக்கமான அமைப்பில் 28 விநாடி, 40 வாட்டுக்கு மேலேகூட இழுத்து வேகமாக ஓடும். அதற்குப் பிறகு உடல் எவ்வளவு சூட்டை வெளியே தள்ள முடியுமோ அந்த அளவுக்கு இறங்கிவிடும். நல்ல காற்றோட்டமுள்ள லெப்டொப்பில் அது 28, 30 வாட்டில் நிற்கும். மிக மெல்லிசானதில் 15 வாட் பக்கம் வந்துவிடும். ஒரே சிப், ஒரே பெயர், ஒரே விலைச்சீட்டு, ஆனால் பத்து நிமிடத்துக்குப் பிறகு வேகம் வேறு. பிரவுசர் திறப்பதும் கட்டுரை எழுதுவதும் அரை நிமிட வேலைகள், அவற்றில் மெல்லிசானது தோற்காது. சொலிட்வேர்க்ஸ் என்ற பொறியியல் வடிவமைப்பு மென்பொருளில் ஒரு பாகத்தைக் கட்டி அழுத்தச் சோதனை ஓட்டுவதும், மெட்லெப் என்ற கணித மென்பொருளில் பெரிய கணக்கொன்றை விட்டுவிட்டுக் காத்திருப்பதும், கல்யாண வீடியோ ஒன்றை வெட்டி ஒட்டி ஏற்றுவதும் நீண்ட வேலைகள். அங்கேதான் கொடுத்த காசு கையைவிட்டுப் போகும்.

"நம்ம ஊரு குளிருக்கு லெப்டொப் சூடே ஆகாது" என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம். குளிர்ச்சியால் காற்று கொஞ்சம் அடர்த்தி கூடுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் கொழும்புக் காற்றின் அடர்த்தியில் 84 சதவீதம் வருகிறது. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் தள்ளும் காற்றின் நிறை 16 சதவீதம் குறைவு, ஆகவே அது சுமந்து போகும் சூடும் குறைவு. மறுபக்கம், சிப் 95 பாகையில் நின்றால் கொழும்பின் 31 பாகைக் காற்றோடு 64 பாகை வித்தியாசம், நுவரெலியாவின் 16 பாகைக் காற்றோடு 79. இது 23 சதவீத இலாபம். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், 0.84 தர 1.23, ஏறக்குறைய 1.03. சரிக்குச் சரி என்றே வைத்துக்கொள்ளலாம். ஹட்டன், தலவாக்கலை உயரத்திலும் விடை கிட்டத்தட்ட இதே. குளிர் உங்கள் லெப்டொப்பைக் காப்பாற்றும் என்று நம்பி மெல்லிசானதை வாங்காதீர்கள். உயரத்தைப் பற்றிப் பயப்படவும் வேண்டாம். பெரும்பாலான கணினிகள் 3,000 மீற்றர் வரை பாவிக்கத் தக்கவை என்றுதான் செய்பவர்கள் குறிப்பிடுகிறார்கள், பிதுருதலாகலை உச்சியே 2,524 தான்.

குளிரால் வரும் உண்மையான கெடுதி வேறு இடத்தில் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேசையில் உட்கார்ந்து படிக்க விரல் விறைக்கும். கட்டிலில் ஏறி, கம்பளியை இடுப்புவரை இழுத்து, மடியில் லெப்டொப்பை வைத்துக்கொள்வது நம் எல்லோர் வீட்டிலும் நடப்பது. மெல்லிசான லெப்டொப்புகளில் பெரும்பாலானவை காற்றை அடிப்பக்கத்திலிருந்துதான் உறிஞ்சும். அடியில் இருக்கும் ரப்பர் கால்களின் உயரம் ஒன்றிரண்டு மில்லிமீற்றர். கம்பளி அந்தக் கால்களை விழுங்கிவிடும், காற்றுக்கு வழி அடைபடும், சிப் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அத்தோடு கம்பளிப் பிசிறும் உள்ளே போகிறது. விசிறிக்கு முன்னால் மெல்லிய செப்புத் தகடுகள் சீப்புப் பல்லைப்போல அடுக்கியிருக்கும், இடைவெளி ஒரு மி.மீ. அளவுதான். பிசிறு அதில் வந்து படிந்து, விறகடுப்புப் புகையின் கரி அதன்மேல் ஒட்டி, ஒரு வருடத்தில் ஃபெல்ட் துணி மாதிரி ஒரு படலமாகிவிடும். அடுப்பும் படிக்கும் இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் லயன் வீட்டில் இது இன்னும் வேகமாக நடக்கும். தடிப்பான லெப்டொப்பில் அடித்தகட்டின் ஆணிகளைக் கழற்றி, விசிறி சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு, தூரிகையால் தட்டிவிட்டால் போதும், பத்து நிமிட வேலை. மெல்லிசானவற்றில் தகட்டைக் கழற்றுவதற்கே கிளிப்புகள் உடையாமல் பொறுமையாக நெம்ப வேண்டும்.

விசிறியே இல்லாத மெக்புக் எயார் போன்றவை இந்தப் புகை, பிசிறுத் தொல்லையிலிருந்து முற்றாகத் தப்பிக்கின்றன. மெல்லிசான லெப்டொப்புகளில் நம் ஊருக்கு உண்மையாகவே பொருந்துவது அந்த வகைதான் என்பது என் கருத்து. எழுத்து, கற்பித்தல், மொழிபெயர்ப்பு, கணக்கு வேலை செய்பவருக்கு அதை மனநிறைவோடு சொல்வேன். உங்களுக்குச் சொல்ல முடியாது. சொலிட்வேர்க்ஸ் விண்டோஸுக்கு மட்டும் வரும் மென்பொருள். பொறியியல் மாணவி அதை எதிர்பார்க்காமல் மெக் வாங்கினால் இரண்டாம் வருடத்தில் கணினிக் கூடத்தில் இடம் தேடி அலைய நேரிடும்.

அடுத்தது ஈரம். தை மாத விடியலில் அறை 8, 9 பாகைக்கு இறங்கிவிடும், அலுமினிய உடலும் அதே அளவுக்குக் குளிர்ந்திருக்கும். பக்கத்தில் தேநீருக்குத் தண்ணீர் கொதித்து ஆவி எழும்பினால், கண்ணாடியில் படிவதுபோல உலோகத்தின்மேல் நீர் படியும். உள்ளேயும் படியலாம். பிளாஸ்டிக்கை விட உலோகத்தில் இது சட்டென்று தெரியும், தொட்டால் விரல் வழுக்கும். அப்படித் தெரிந்தால் சுவிட்சைப் போடாமல் மூடியைத் திறந்து 20 நிமிடம் உலர விடுங்கள். குளிரூட்டிய பஸ்ஸில் இரவெல்லாம் இருந்துவிட்டு வெக்கையான ஊரில் இறங்கும்போதும் இதே முறை, பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வைத்திருங்கள். தினமும் பாவிக்கும் லெப்டொப் தன் சூட்டாலேயே உள்ளே உலர்ந்துகொள்ளும். விடுமுறைக்கு அலுமாரியில் மாதக்கணக்காகக் கிடப்பதுதான் பூஞ்சணமும் துருவும் பிடித்துக் கெடும். மழைக்கு, மேற்குச் சரிவில் வைகாசி முதல் புரட்டாதி வரை என்று சொல்லத் தேவையில்லை, பையின் வெளியுறையை மட்டும் நம்பாமல் தடித்த பொலித்தீன் பையொன்றில் லெப்டொப்பைப் போட்டு வாயைச் சுருட்டி உள்ளே வையுங்கள். 20 ரூபாய்ச் செலவு.

பழைய வயரிங் உள்ள வீடுகளில் அலுமினிய லெப்டொப் சார்ஜில் இருக்கும்போது கையால் தடவினால் ஒரு கிறுகிறுப்புத் தெரியும், மெல்லிய அதிர்வுபோல. பழுது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறார்கள். பழுதல்ல. சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்ட ஒரு சின்னக் கொண்டென்சர் இருக்கிறது. எர்த் இல்லாதபோது அதன் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் உலோக உடலுக்கு வருகிறது. இரண்டு முள் சார்ஜர்களில் இது இயல்பு. சதுர முள் பிளக்கில் மூன்றாவது முள் வெறும் பிளாஸ்டிக்காக இருந்தாலும், சுவரில் எர்த் வயரே இல்லாவிட்டாலும் இதே கதைதான். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் எர்த் இல்லை என்பதற்கு இது அடையாளம், அந்த வீட்டில் மின்னழுத்தம் திடீரென்று எகிறும்போது காக்கும் சேர்ஜ் புரொடெக்டர் பாதி வேலைதான் செய்யும். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரத்தில் இடி கூடும்போது சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றுவதை விட நம்பகமான பாதுகாப்பு இல்லை. சுவிட்சை நிறுத்தினால் போதாது, பிளக்கையே உருவுங்கள்.

இடி ஏன் இந்தக் கேள்விக்குள் வருகிறது என்றால், மெல்லிசான லெப்டொப்பில் ஒன்று போனால் எல்லாம் போகும். ரேமைச் சொருகும் பள்ளத்துக்கு உயரம் வேண்டும், ஆகவே மெல்லிசானவற்றில் அதைத் தாய்ப்பலகையோடு (மதர்போர்ட்) ஈயம் வைத்து ஒட்டிவிடுகிறார்கள். 2024இல் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வகையில் ரேம் சிப்பின் கூடவே வருகிறது, 16 அல்லது 32, வாங்கும் நாளில் முடிவு செய்ததுதான் கடைசிவரை. மெக்புக்கில் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யும் ஒட்டியதுதான். தாய்ப்பலகை எரிந்தால் உங்கள் இறுதியாண்டு ஆய்வும் அதோடு போகும். எஸ்.எஸ்.டி. தனியாகக் கழறுமானால் அதை இன்னொரு கணினியில் போட்டுக் கோப்புகளை எடுக்கலாம். அதற்கும், விண்டோஸ் 11 பெரும்பாலும் எஸ்.எஸ்.டி.யைத் தானாகவே பூட்டி வைப்பதால், அந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்கச் சாவி வேண்டும். அதை மைக்ரோசொஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து ஒரு கொப்பியில் எழுதி வைத்துவிடுங்கள்.

பெட்டரியும் அப்படித்தான். முன்பு பின்னால் கழற்றி மாற்றினோம். இப்போது வெள்ளிப் பொட்டலங்கள்போல இருக்கும் செல்களை உள்ளே பசைபோட்டு ஒட்டியிருக்கிறார்கள். மூன்று நான்கு வருடத்தில் அது தளரும், சில வேளை உப்பும். மெல்லிசான உடலில் உப்புவதற்கு இடமே இல்லை, ஆகவே முதலில் டச்பேட் மேலே தள்ளும். டச்பேட்டின் ஒரு மூலை மட்டும் க்ளிக் ஆகாமல் விறைத்துப்போனால், அல்லது மேசையில் வைத்த லெப்டொப் ஆடினால், அன்றைக்கே பாவிப்பதை நிறுத்துங்கள். குத்தி நெம்பிப் பார்க்கக் கூடாது, தீப்பற்றும். ஆணிபோட்டு இறுக்கிய பெட்டரியை ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கைபழகிய ஒருவர் அரை மணி நேரத்தில் மாற்றுவார். ஒட்டிய பெட்டரிக்கும் தாய்ப்பலகை வேலைக்கும் கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டிவரும், ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் திருத்தச் செலவோடு சேரும். கொழும்பில் இருப்பவருக்கு இது பெரிய விஷயமல்ல. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்வரலாம். நமக்கு அது ஒரு பயணம்.

கீபோர்ட் விஷயத்தில் வரலாறே பாடம் வைத்திருக்கிறது. 2015இல் அப்பிள் 13.1 மி.மீ. மெக்புக் ஒன்றை, ஒரே ஒரு யூ.எஸ்.பி.-சி ஓட்டையோடு கொண்டுவந்தது. மெல்லிசுக்காக 'பட்டர்ஃபிளை' என்ற புதுவகைச் சாவிகள் அதில் இருந்தன, அழுத்தினால் அரை மி.மீ. சொச்சம்தான் இறங்கும். ஒரு தூசு உள்ளே போனால் எழுத்து இரண்டு முறை விழும், அல்லது விழவே விழாது. அதே வகைச் சாவிகள் மற்ற மெக்புக்குகளுக்கும் பரவின. 2018இல் இலவசமாகத் திருத்திக் கொடுக்கும் திட்டத்தை அறிவித்தார்கள், 2019இல் அந்த 12 அங்குல மெக்புக்கை நிறுத்தினார்கள், 2022இல் அமெரிக்காவில் இந்தச் சாவிகளுக்காகத் தொடுத்த வழக்கை 5 கோடி டொலருக்குச் சமரசம் செய்தார்கள். 2021இல் வந்த 16 அங்குல மெக்புக் ப்ரோ முன்னையதை விடத் தடிப்பாக, எச்.டி.எம்.ஐ.யையும் கார்ட் ஓட்டையையும் திரும்பக் கொண்டுவந்தது. மெல்லிசாக்கும் ஓட்டத்தை முன்நின்று நடத்தியவர்களே தொழில்முறை வேலைக்கான கணினியில் பின்வாங்கிவிட்டார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்றைய மெல்லிசான கீபோர்டுகள் அவ்வளவு மோசமில்லை, 1 மி.மீ. இறங்கும். சாதாரணமானதில் 1.3 முதல் 1.5 வரை. தமிழில் தட்டச்சு செய்பவருக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே தெரியும், மெய்யும் உயிர்க்குறியுமாக ஓர் எழுத்துக்கு இரண்டு மூன்று தட்டு போகிறதல்லவா? கெட்டுப்போனால் மாற்றுவது இன்னொரு தலையிடி. பல மெல்லிசான லெப்டொப்புகளில் கீபோர்டை மேல்தகட்டோடு பிளாஸ்டிக் குமிழ்களை உருக்கிப் பதித்திருப்பார்கள், ஐம்பதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றையும் வெட்டித் தள்ளி, புதியதை மறுபடி உருக்கி ஒட்ட வேண்டும், அல்லது மேல்தகட்டையே மாற்ற வேண்டும்.

மெல்லிய மூடிக்கு இன்னொரு பயம். நெரிசலான பஸ்ஸில் பையை மார்போடு அணைத்து நிற்கும்போது சீட்டுக் கம்பியில் அழுத்துப்படும். மூடி வளைந்து, திரை கீபோர்டில் பட்டு, வெளிச்சப் புள்ளிகளாகத் தழும்பு விழும். கீபோர்டுக்கும் திரைக்கும் நடுவில் இடைவெளியே இல்லாததால் ஓர் இயர்ஃபோன் முனையோ பென்சில் துண்டோ இருந்து மூடினால் திரை வெடிக்கும். கமராவுக்கு ஒட்டும் மூடிகூட ஆகாது என்று 2020இல் அப்பிள் எச்சரித்தது, 0.1 மி.மீ.க்கு மேல் தடிப்பாக இருக்கக் கூடாதென்று.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, மெல்லிசான வகையோடு சேர்ந்து வந்த ஒரு நல்ல காரியத்தை மறைப்பது சரியல்ல. பெட்டரி நிலைப்பதும் யூ.எஸ்.பி.-சி சார்ஜிங்கும் அந்த வகையால்தான் வளர்ந்தன. 2022 பங்குனி முடிவில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டிய நாட்களை யாரும் மறக்கவில்லை. 55 வாட்-மணிப் பெட்டரியும் சிக்கனமான சிப்பும் உள்ள லெப்டொப் எழுத்து வேலையில் 7 வாட் அளவில் இழுக்கும், ஆகவே 7, 8 மணி நேரம் ஓடும். மலிவான பிளாஸ்டிக் லெப்டொப்பில் 42 வாட்-மணியும் 9 வாட் இழுவையுமாக நாலரை மணி நேரம். யூ.எஸ்.பி.-சியில் சார்ஜ் ஏறும் லெப்டொப்பானால் 20,000 மில்லி-ஆம்பியர்-மணிப் பவர் பேங்க் ஒன்றால் இன்னொரு தடவை நிரப்பலாம். அதில் இருப்பது 74 வாட்-மணி, மாற்றத்தில் இழப்பதைக் கழித்தால் 60 கிடைக்கும். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஃபோனுக்கான 22.5 வாட் வகை, லெப்டொப் அதை ஏற்காது. 45 வாட்டோ 65 வாட்டோ 20 வோல்ட்டில் வெளியே கொடுக்கும் என்று பெட்டியில் போட்டிருக்க வேண்டும். கேபிளும் 45 வாட்டுக்கு 3 ஆம்பியர், 65 வாட்டுக்கு 5 ஆம்பியர் தாங்கும் சி-க்கு-சி கேபிளாக இருக்க வேண்டும்.

இனி உங்களுக்கு எது என்று பார்ப்போம். 420,000 ரூபாய் லெப்டொப் உங்கள் படிப்புக்குச் சூட்டில் திணறும், வளர இடமில்லை. 245,000 ரூபாய் லெப்டொப்பின் 8 ஜீபி சொலிட்வேர்க்ஸுக்குப் போதாது, மகாவலிக்கு இக்கரையும் அக்கரையுமாக நடக்கும் கம்பஸில் 2 கிலோ பை தினமும் தோளில் இருக்கும். நடுவில் ஒரு வகை இருக்கிறது, கடைகளில் முன்வரிசையில் வைக்கமாட்டார்கள். 14 அங்குலம், 17 முதல் 19 மி.மீ., 1.35 முதல் 1.5 கிலோ, 16 ஜீபி ரேம், அதில் ஒரு பள்ளமாவது சொருகும் வகை, எச்.டி.எம்.ஐ. ஓட்டை, யூ.எஸ்.பி.-சியிலும் சார்ஜ் ஏறுவது. ஒஃபிஸ் பாவனைக்கென்று செய்யும் லெனோவோ திங்க்பேட், எச்.பி. எலைட்புக், டெல் லெட்டிடியூட் (2025இலிருந்து டெல் ப்ரோ என்ற பெயரில்) வரிசைகளில் தேடுங்கள். பிளாஸ்டிக்கும் உலோகமும் கலந்த உடல், பார்வைக்கு அழகில்லை, ஆனால் அடித்தகட்டைக் கழற்றினால் எல்லாம் கைக்கு எட்டும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை உலகெங்கும் ஏறியிருப்பதால், பிறகு போடலாம் என்று 8இல் தொடங்காமல் 16ஆகவே வாங்குங்கள். பள்ளம் பிற்காலத்துக்கு இருக்கட்டும்.

காசு அதற்கும் எட்டாவிட்டால் பாவித்ததை வாங்கத் தயங்க வேண்டாம். வெளிநாட்டு ஒஃபிஸ்களில் இருந்து வரும் திங்க்பேட் டி480, எலைட்புக் 840 ஜி5 இரண்டிலும் ரேம் பள்ளம் இரண்டு. டி480இல் பின்பக்கப் பெட்டரி கையாலேயே கழறும். இவை பெரும்பாலும் இன்டெல் எட்டாம் தலைமுறைச் சிப்போடு வருபவை. அதற்குக் கீழே இறங்காதீர்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது, ஏழாம் தலைமுறையில் விண்டோஸ் 11 முறையாக ஏறாது. முதல் இரண்டு வருடப் படிப்புக்கு இவை தாங்கும், கனமான உருவகங்களுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பாவித்ததில் பெட்டரி அறிக்கையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். செய்தபோது இருந்த கொள்ளளவில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புதுப் பெட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

எதை வாங்கினாலும் கடையில் அரை மணி நேரம் நில்லுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. டாஸ்க் மனேஜரில் மெமரிப் பக்கத்தைத் திறந்தால் 'ஃபோர்ம் ஃபேக்டர்' என்ற வரி இருக்கும். அங்கே 'ரோ ஒஃப் சிப்ஸ்' என்று இருந்தால் ரேம் ஒட்டியது, 'எஸ்ஓடிம்' என்று இருந்தால் சொருகியது. சிப்பின் வேகத்தை எண்ணாக அளந்து காட்டும் சினிபெஞ்ச் ஆர்23 என்ற மென்பொருளை ஒரு பென் டிரைவில் கொண்டுபோய் அதன் பத்து நிமிடச் சோதனையை ஓட்டுங்கள். முதலில் ஒரு தடவை மட்டும் ஓட்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, பத்து நிமிடத்தின் முடிவில் வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். கால்வாசிக்கு மேல் விழுந்தால் அந்த உடல் அந்தச் சிப்பைத் தாங்கவில்லை. பிளாஸ்டிக் லெப்டொப்பிலும் இதைச் செய்யத்தான் வேண்டும், மலிவானவற்றில் ஒற்றைச் செப்புக் குழாயோடு விட்டுவிடுவதுண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே டச்பேட்டுக்கு இருபுறமும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பிறகு மூடியின் பின்பக்கத்தை விரலால் மெதுவாக அழுத்துங்கள், திரையில் அலை தெரிந்தால் பஸ் பயணத்துக்கு அது ஆகாது. உத்தரவாதச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இறக்குமதி முகவருடையதாக இருந்தால் கண்டியில் ஒப்படைக்கலாமா என்று கேளுங்கள், கடையின் உத்தரவாதம் மட்டும்தான் என்றால் விலை குறைய வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி அமைத்துவிடுங்கள், தயாரிப்பாளரின் செயலியில் அந்த வசதி இருக்கும். இரவு முழுவதும் சொருகியிருந்தாலும் பெட்டரி சீக்கிரம் தளராது. நீண்ட பயணத்துக்கு முதல் நாள் மட்டும் 100க்கு ஏற்றுங்கள். இன்னொன்று, தச்சரிடம் சொல்லி ஒன்றேகால் அடிக்கு ஓரடியில் ஒரு பிளைவூட் பலகை வெட்டி, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, கட்டில் பக்கத்தில் சாய்த்து வையுங்கள். கம்பளிக்குமேல் அந்தப் பலகை, அதற்குமேல் லெப்டொப்.